திறந்த முப்பது நாட்களுக்குள்

இப்போது நான் மூடிப் பிரிவில் இருக்கிறேன். சாஸ் பாட்டில்கள் வரிசையாக வரும், மூடி கோணலாக இருந்தால் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மூடி யாரையும் எதையும் கேட்காது. இதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் இதே கம்பெனியில் ஃபோன் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டிலின் பின்பக்கம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், "சந்தேகங்களுக்கு அழைக்கவும்" என்று ஒரு நம்பர் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் யார் கூப்பிடப் போகிறார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படி நினைத்துத்தான் அந்த வேலையை ஒத்துக்கொண்டேன்.

ஐயோ, கூப்பிடுகிறார்கள். காலையில் பையைக் கழற்றி வைப்பதற்குள் மணி அடிக்கும். தக்காளி சாஸை ஃபிரிட்ஜில் வைக்கணுமா, வெளியில் வைக்கணுமா? ஒரு நாளைக்கு இருபது பேராவது இதைக் கேட்பார்கள். இதற்காக வீடுகளில் பெரிய சண்டையே நடக்கிறது. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், நடுவில் ஸ்பீக்கரில் நான். "மேடம், அவருக்குக் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுங்க" என்பாள் அந்த அம்மாள். "திறந்த பிறகு ஃபிரிட்ஜ்ல வச்சாத்தான் நல்லது" என்று சத்தமாகச் சொல்வேன். "கேட்டுச்சா? காதுல விழுந்துச்சா?" என்று அங்கே ஒரு கூச்சல். அதோடு ஃபோனை வைத்துவிடுவார்கள். எனக்கு ஒரு நன்றி கிடையாது.

மேலே தண்ணி நிக்குதே, கெட்டுப்போச்சா? இல்லைங்க, குலுக்குங்க. குலுக்கினேன், மூடி கழண்டு சுவரெல்லாம் ஆயிடுச்சு, இப்ப என்ன பண்றது? சுவரைத் துடைங்க. மயோனைஸை ஃப்ரீசர்ல வைக்கலாமா? வேண்டாம், திரிஞ்ச பால் மாதிரி ஆயிடும். சோயா சாஸ் இவ்வளவு கரிக்குதே, உப்பு கூடிப்போச்சா? அது அப்படித்தான், கொஞ்சமா ஊத்துங்க. மிளகாய் சாஸ் ரெண்டு கண்ணுலயும் பட்டுடுச்சு மேடம், எந்தக் கண்ணை முதல்ல கழுவணும்? இதைக் கேட்கிறவன் கண்ணைக் கழுவாமல் நம்பரைத் தேடி அடித்திருக்கிறான் பாருங்கள். கண் எரிய எரிய அந்தப் பொடி எழுத்தை எப்படிப் படித்தான் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதிராளியைவிட எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு ஒரு தடவை தலைக்கேறிவிட்டால் லேசில் இறங்காது. ஃபோன் மேஜையில் அது இறங்க வாய்ப்பே இல்லை. நாள் முழுக்கத் தெரியாதவர்கள் கேட்க, தெரிந்தவள் மாதிரி நான் பதில் சொல்ல, கொஞ்ச நாளில் குரலே மாறிவிட்டது. ஆபீஸில் எனக்கு "டீச்சரம்மா" என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்ததுதான். எனக்கு உள்ளூர அது பிடித்திருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

எல்லாக் கேள்விக்கும் ராஜா ஒன்று இருந்தது. எங்கள் பாட்டிலில் "திறந்த முப்பது நாட்களுக்குள் பயன்படுத்தவும்" என்று ஒரு வரி. அதைப் பற்றித்தான் நச்சரிப்பார்கள். முப்பது நாள்னா திறந்த நாளையும் சேத்தா? நடுவுல பத்து நாள் ஊருக்குப் போயிட்டோம், அதையும் கணக்குல எடுக்கணுமா? முப்பத்தொண்ணாவது நாள் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்வி வந்தால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். "லேபிள்ல என்ன போட்டிருக்கோ அதும்படி நடந்துக்கங்க. சும்மா ஒண்ணும் போட மாட்டோம்" என்பேன். அந்தப் பக்கம் கப்சிப்.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து வார்டன் கூப்பிட்டார். நறுக்குத் தெறித்த மாதிரிப் பேச்சு. அவர்கள் எங்கள் சாஸை ஐந்து கிலோ கேனில் வாங்குகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி வறுத்த உருளைக்கிழங்கும் சாஸும் போட்டிருக்கிறார்கள். அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு வயிற்றுவலி. அவள் சமையலறைக்குப் போய்க் கேனைப் பார்த்திருக்கிறாள். மூடியில் திறந்த தேதி எழுதியிருந்தது. விரல் விட்டு எண்ணினால் முப்பத்து நாலு நாள்.

"முப்பத்து நாலாவது நாள் போடலாமா, கூடாதா? எனக்கு அது மட்டும் தெரியணும்" என்றார் வார்டன்.

"கண்டிப்பா கூடாது மேடம். தூக்கிப் போட்டிருக்கணும்."

"சமையல்காரம்மா, ருசி பாத்துட்டுத்தான் போட்டேன், நல்லாத்தான் இருந்துச்சுங்கறாங்க."

"எல்லாத்தையும் நாக்கால கண்டுபிடிச்சுட முடியும்னா லேப் எதுக்கு மேடம், லேபிள் எதுக்கு?" என்றேன். நல்லாச் சொன்னேன் என்று எனக்கே ஒரு திருப்தி.

"இதை எழுத்துல குடுப்பீங்களா?"

கொடுக்காமல் இருந்திருக்கலாம். பதில் சொல்வதுதான் என் வேலை, கடிதம் எழுதுவது இல்லை. ஆனால் யாராவது என்னிடம் எழுத்தில் கேட்டால் நான் விடுவேனா? கம்பெனி தாளை எடுத்து நாலு வரி அடித்தேன். முப்பது நாட்களுக்குப் பிறகு பரிமாறியது விதிமீறல் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. அடியில் இடம் காலியாக இருந்தது. வெறுமையாகத் தெரிந்தது. "இது பரிமாறியவரின் அலட்சியத்தைக் காட்டுகிறது" என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே அனுப்பிவிட்டேன். மதியம் சாப்பிடும்போது பக்கத்து மேஜைக்காரர்களிடம் அந்த வரியைச் சொல்லியும் காட்டினேன்.

புதன்கிழமை காலை ஒரு பெண்குரல். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைக்கிற பேச்சு.

"மேடம், நான் அந்த விடுதியில சமைக்கிறவ. நீங்க லெட்டர் எழுதினீங்களே."

"சொல்லுங்க" என்றேன். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"சண்டை போடக் கூப்பிடலை. பதினோரு வருஷமா அங்கதான் சமைக்கிறேன், பின்னாடி ரூம்லதான் இருக்கேன். சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அது போகட்டும். உங்க லெட்டரை சாப்பாட்டு ஹால் போர்டுல ஒட்டிட்டாங்க மேடம். எங்கிட்ட அக்கா அக்கான்னு வந்து நின்ன பொண்ணுங்க, இப்ப தட்டை மோந்து பாத்துட்டு சாப்பிடுதுங்க."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். முப்பதாவது நாள் வரைக்கும் அது நல்லா இருந்துச்சு, இல்லையா? அதுக்கப்புறம் நாலு நாள்ல அந்தக் கேனுக்குள்ள என்ன ஆச்சு? ஃபிரிட்ஜ்லதான் வச்சிருந்தேன். வாசனை மாறலை, நிறம் மாறலை, மேல ஒண்ணும் பூக்கலை. நான் வாயில வச்சுப் பாத்தேன். என் நாக்குக்குத் தெரியாம என்ன ஆச்சுன்னு சொல்லிட்டீங்கன்னா, சரி, நம்ம தப்புதான்னு மனசைத் தேத்திக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

பன்னிரண்டு வருஷத்தில் ஆயிரம் பேர் கேட்ட கேள்விதான். ஆனால் வேலை போகிற ஒருத்தி, பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்று கேட்டது இதுதான் முதல் தடவை. "லேபிள்ல போட்டிருக்கறபடி" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"கேட்டுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். காது மடல் சுட்டது.

காரணம் இருந்தது. அந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. புது லேபிள் அச்சுக்குப் போக வேண்டும். அச்சகத்துக்காரர் என் மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்க்கிறார். "திறந்த ___ நாட்களுக்குள்" என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தது. அதை நிரப்ப வேண்டியவர் லேப்காரர், அவர் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். ஃபோனை எடுக்கவில்லை, கல்யாண வீட்டில் யார் எடுப்பார்கள்? மேனேஜர் வெளியூர். "ஏதாவது ஒண்ணு போட்டுக் குடுங்கம்மா, மெஷின் காத்துக்கிட்டு இருக்கு" என்றார் அச்சகத்துக்காரர். எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்கியது. அந்த மாதத்துக்கு முப்பது நாள். எழுதிவிட்டேன். பிப்ரவரியாக இருந்திருந்தால் இருபத்தெட்டு என்று எழுதியிருப்பேன். அவ்வளவுதான் அதன் விஞ்ஞானம்.

லேப்காரர் வந்து சரிபார்த்து மாற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சரி, குருட்டாம்போக்கில் சரியாகத்தான் போட்டிருக்கிறோம் போல என்று விட்டுவிட்டேன். அப்புறம் கடுகு சாஸ் வந்தது, மிளகாய் சாஸ் வந்தது, சோயா சாஸ் வந்தது. எல்லாவற்றிலும் பழைய லேபிளைப் பார்த்து அதே முப்பதைப் போட்டார்கள். நாளாக ஆக நானே அதை நம்பிவிட்டேன். ஊருக்கெல்லாம் மிரட்டலாக வேறு சொன்னேன்.

எழுந்து லேபுக்குப் போனேன். அங்கே இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் "புளிமூஞ்சி". நாள் முழுக்கச் சாஸின் புளிப்பை அளந்து அளந்து முகமே அப்படி ஆகிவிட்டது. மனுஷன் தங்கமானவர்.

"சார், நம்ம தக்காளி சாஸ் திறந்து முப்பத்து நாலு நாள் ஆனா என்ன ஆகும்?"

"ஃபிரிட்ஜ்லயா?"

"ஆமா."

"ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறேன். சோதிச்சதில்லை."

"சோதிச்சதில்லையா? அப்ப முப்பது நாள்ங்கறதை நீங்க ஏன் அப்படியே விட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது மேனேஜர் முடிவு இல்லையா? நான் லீவு முடிஞ்சு வரேன், லேபிளே அச்சாகி வந்து நிக்குது. மேலிடத்து முடிவு, நம்மளைக் கேக்கலைன்னு கொஞ்சம் வருத்தமாக்கூட இருந்துச்சு. பன்னெண்டு வருஷமா அந்த வருத்தம் இருக்கு, டீச்சரம்மா."

மேனேஜர், லேப்காரர் சோதித்துப் போட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவரிடம் காலண்டர் கதையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம், "எங்கேயாவது திறந்து ரொம்ப நாளான நம்ம பாட்டில் ஒண்ணு கிடைச்சா, ஃபிரிட்ஜ்ல இருந்ததா, இன்னிக்கே சோதனை போட்டுடலாம். சனிக்கிழமை காலையில தெரிஞ்சுடும்" என்றார்.

"எங்கே சார் கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடினேன். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில், ஊறுகாய்க்குப் பின்னால், என் கம்பெனி தக்காளி சாஸ். பெரிய மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது திறந்தது. எட்டு மாசம். நேற்று ராத்திரிகூட ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டோம். ஊரை மிரட்டுகிறவள் வீட்டு லட்சணம் இது.

வீட்டுக்காரர் சாப்பிட வந்திருந்தார். "அது நல்லாத்தானே இருக்கு, எங்க எடுத்துட்டுப் போறே?" என்றார்.

"சாட்சி சொல்றதுக்கு."

"யாருக்கு எதிரா?"

"எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலைப் பையில் போட்டேன். மனுஷன் திருதிருவென்று முழித்தார்.

லேப்காரர் பாட்டிலை வாங்கித் தேதி கேட்டார். எட்டு மாசம் என்றேன். புருவத்தைத் தூக்கினார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த நல்ல மனுஷன் ஏதாவது சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலையே மேனேஜரிடம் போனேன். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"லேப்காரருக்கு."

"அதோட நிக்கட்டும். மேடம், குடோன்ல எத்தனை லட்சம் லேபிள் கிடக்கு தெரியுமா? காலண்டரைப் பாத்து எழுதினோம்னு வெளிய தெரிஞ்சா சிரிப்பா சிரிச்சுடுவாங்க. அந்த அம்மாவுக்கு ஃபோன் பண்ணி வருத்தம் தெரிவிச்சுடுங்க. வாய் வார்த்தையா. எழுத்துல ஒண்ணும் வேண்டாம்."

"அவங்க வேலை போகுது சார். ரூமும் போகுது."

"சமையல் தெரிஞ்சவங்களுக்கு வேலையா கிடைக்காது? நீங்க எழுதினதுல என்ன தப்பு? லேபிள்ல இருக்கறதைத்தானே எழுதினீங்க."

இதுதான் வெட்கக்கேடு, கேளுங்கள். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், லேபிளில் இருப்பதைத்தானே எழுதினேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை அந்த அம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டாள். நம்பரைப் பார்த்துவிட்டு நான் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு தடவை. அதையும் எடுக்கவில்லை. மணி அடிக்க அடிக்க, மேஜையில் இருந்த பேனாக்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சம்பளம் வாங்குகிறேன், தெரியுமில்லையா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறொரு அழைப்பு. ஒரு புருஷன், சிரித்துக்கொண்டே கேட்டார். "மேடம், பாட்டிலைத் திறந்த தேதியை யாராவது எழுதி வைப்பாங்களா? எழுதினாத்தானே முப்பது நாள் தெரியும்? நாட்டுல ஒருத்தராவது எழுதறாங்களா, சொல்லுங்க."

விளையாட்டுக்குக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஒருத்தி எழுதினாள். நான் எழுதியதை மதித்து, மூடியில் தேதி குறித்து வைத்த ஒரே ஆள் அந்தச் சமையல்காரம்மாதான். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. அவளைத்தான் நான் அலட்சியக்காரி என்று கம்பெனி தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை காலை லேப்காரர் ஒரு தாளைக் கொடுத்தார். "புளிப்பு இறங்கலை. சோதனைத் தட்டுல கிருமி ஒண்ணும் வளரலை. உங்க வீட்டுச் சாஸுக்கு ஆயுசு கெட்டி" என்றார். அடியில் அவர் கையெழுத்து. மேனேஜர் சொன்னது அவருக்கும் தெரியும். தெரிந்தே போட்டிருந்தார். நான் அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

விடுதி ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. நான் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். நீள ஹாலில் நாற்பது ஐம்பது பெண்கள். போர்டில் என் கடிதம். நாலு மூலையிலும் பின் குத்தி, நேராக, ஒழுங்காக மாட்டியிருந்தார்கள். அதைத் தாண்டித்தான் எல்லோரும் தட்டை எடுக்கப் போக வேண்டும்.

வார்டனை அவர் அறையில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவர் லேப்காரரின் தாளை இரண்டு தடவை படித்தார். "கம்பெனி தாள்ல அவங்களை மாட்டிவிட்டீங்க. இப்ப எங்கிட்ட ரகசியமா வந்து சொல்றீங்க. நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு, சமையல்காரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

என் வயசுதான் இருக்கும். ஒல்லி. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். குரலை வைத்து நான் யாரென்று கண்டுகொண்டாள். "மன்னிச்சுடுங்க" என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"எங்கிட்ட எதுக்கு மேடம்? நான் கெட்ட சாஸ் போடலைன்னு எனக்குத் தெரியும். தெரியாதது அந்தப் பொண்ணுங்களுக்குத்தான்."

என்னை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானாகத்தான் எழுந்து ஹாலுக்குப் போனேன். ஃபோனில் பேசுகிறவளுக்கு முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. "எல்லாரும் ஒரு நிமிஷம்" என்றேன். ஸ்பூன் சத்தம் நின்றது.

"அந்த லெட்டரை எழுதினது நான். அதுல இருக்கற முப்பது நாள், நான் பன்னெண்டு வருஷம் முன்னாடி சுவர்ல இருந்த காலண்டரைப் பாத்து எழுதினது. யாரும் சோதிச்சுப் பாக்கலை. இப்ப சோதிச்சோம். என் வீட்டுல இருக்கறது எட்டு மாசம். நாங்க எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். இவங்க போட்ட சாஸ்ல ஒரு தப்பும் இருந்திருக்காது."

ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், ஹாலே சிரித்தது. "காலண்டரா!" என்றாள் ஒருத்தி. "அப்ப பாட்டில்ல இருக்கற மத்ததெல்லாம்?" என்று இன்னொருத்தி. "தக்காளியாவது நிஜமா மேடம்?" என்று ஒரு குரல். மேனேஜர் சொன்னபடியே சிரிப்பாய்ச் சிரித்தார்கள். நான் நடுவில் மரம் மாதிரி நின்றேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

சிரிப்பு அடங்கும்போது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டே எழுந்தாள். "அக்கா, அன்னிக்கு சாயங்காலம் நான் வெளியில மூணு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். வார்டன் மேடம் திட்டுவாங்கன்னு சொல்லலை" என்றாள். அவள் அக்கா என்றது என்னை அல்ல. சமையல்காரம்மா, "சரி, உக்காந்து சாப்பிடு" என்றாள். வார்டன் போய்ப் போர்டிலிருந்து என் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்க எங்கயும் போக வேண்டாம். சாயங்கால டிபனுக்கு என்னன்னு பாருங்க" என்று சமையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கடிதத்தை நாலாக மடித்தேன். கிளம்பலாம் என்று சமையலறை வாசலில் தலையை நீட்டி, "வரேம்மா" என்றேன். உள்ளே சுவரோரம் கட்டி வைத்த இரண்டு பைகளும் ஒரு பெட்டியும் இருந்தன. அவள் பைகளின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மேடம், இன்னொரு சந்தேகம். இது கடைசி."

"கேளுங்க."

"முப்பது காலண்டர்ல இருந்துச்சு, எழுதினீங்க. அது புரியுது. ஏதோ அவசரமா இருந்திருக்கும், யாருக்கும் வர்றதுதான். அந்த லெட்டர்ல அலட்சியம்னு ஒண்ணு எழுதியிருந்தீங்களே. அதை எதைப் பாத்து எழுதினீங்க?"

பன்னிரண்டு வருஷம் கேள்விக்குப் பதில் சொன்னவள் நான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எதையும் பாத்து எழுதலை" என்றேன். "தாள்ல கீழே இடம் இருந்துச்சு. எழுதிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. எதிர்பார்த்த பதில் வந்த மாதிரி இருந்தது. "எழுத்துல குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

மடித்த கடிதத்தைப் பிரித்துத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மாவு டப்பாவின் மேல் வைத்து எழுதினேன். இந்தக் கடிதத்தில் இருக்கும் அலட்சியம் இதை எழுதியவளுடையது, சமைத்தவருடையது அல்ல. கையெழுத்துப் போட்டேன். பதவி கிதவி ஒன்றும் போடவில்லை. அவள் வாங்கி வாய்க்குள் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு அது முடிய வெகுநேரம் ஆனது. நான் நின்றுகொண்டே இருந்தேன். படித்துவிட்டுத் தாளைத் திரும்ப என்னிடம் நீட்டினாள்.

"தேதி போடலையே" என்றாள்.

பேனாவை எடுத்தேன். எனக்கு அன்று தேதி என்னவென்று ஞாபகம் வரவில்லை. நிமிர்ந்து சுவரில் காலண்டரைத் தேடினேன். அவள் தேடவில்லை. அடுப்புக்கு மேல் வரிசையாக இருந்த டப்பா மூடிகளில், அன்று காலை திறந்த ஒன்றை எடுத்துக் காட்டினாள். சின்னச் சின்ன எழுத்தில், கோணாமல், தேதி எழுதியிருந்தது. அதைப் பார்த்து எழுதினேன்.